கஸ்தூரி போட்ட தோட்டம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கஸ்தூரி என்னை 'மேடம்' என்று கூப்பிட்டாள்.

இதில் என்ன இருக்கிறது? பேங்க்கில், பஸ்ஸில், கறிக்கடையில் எல்லோரும் எல்லோரையும் மேடம் என்றுதானே கூப்பிடுகிறார்கள்? வாஸ்தவம். ஆனால் ஒன்றரை வருஷமாகக் கஸ்தூரிக்கு நான் 'அக்கா'. அதுவும் 'நீங்க' போட்டுப் பேசும் மரியாதை அக்கா இல்லை. "இன்னாக்கா, நேத்து ஆளயே காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லியா உனுக்கு?" என்று தெருவிலிருந்தே குரல் கொடுக்கும் அக்கா.

நடந்தது இதுதான். திருமுல்லைவாயிலில் எங்கள் அபார்ட்மென்ட்டை ஒட்டி ஒரு தோட்டம் இருக்கிறது. அன்று காலை நான் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கஸ்தூரி ஒயர்கூடையோடு வந்தாள் – முருங்கைக்கீரை பறிக்க. அந்த முருங்கை அவள் நட்டது. புதிதாகப் போட்ட இரும்பு கேட்டில், புதிதாகப் போட்ட வாட்ச்மேன் அவளை நிறுத்தினார்.

"கார்டு வெச்சிக்கீறியாம்மா?"

"இன்னா கார்டு?"

"அசோசியேஷன் கார்டு. அது இல்லாம உள்ள உடக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க."

"யோவ், தோ நிக்குது பார் முருங்க, அது நான் வெச்சதுய்யா."

"இருக்கட்டும் தாயி. நான் இன்னா பண்ணட்டும்? நேத்துதான் வேலைக்கு சேந்துகீறேன்."

அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான், முத்தாபுதுப்பேட்டைக்காரர். அறுபது வயதிருக்கும். இரண்டு பேரும் ஒரே பேச்சுப் பேசுகிறவர்கள். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. கேட்டைப் பிடித்த கையை எடுக்கவும் முடியாமல், இறுக்கவும் முடியாமல் நின்றார்.

அப்போதுதான் கஸ்தூரி என்னைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா! நீ சொல்லுக்கா இவராண்ட."

எனக்கும் கேட்டுக்கும் பத்தடிதான். எழுந்து போய், "உள்ளே வா கஸ்தூரி" என்று சொல்லியிருக்க வேண்டும். வேறொன்றும் தேவையில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இரு கஸ்தூரி... செக்ரட்டரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"பரவால்ல மேடம். நீங்க படிங்க."

போய்விட்டாள்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு அந்தத் தோட்டம் ஞாபகம் இருக்கலாம். சில மாதங்களுக்கு முன்னால் இதே இடத்தில் அதைப் பற்றி ரொம்பப் பெருமையாக எழுதினேன். நிறைய பேர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். உங்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும் – நான் எழுதியது பாதிதான். மீதியை இப்போது சொல்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக முதலிலிருந்தே.

லே-அவுட் போட்டபோது பார்க்குக்கு என்று ஒதுக்கிய இடம் அது. ஒதுக்கினார்கள், அதோடு மறந்துவிட்டார்கள். வீடு கட்டுகிறவர்கள் எல்லாம் தங்கள் இடிபாட்டை அங்கே கொட்டினார்கள். உடைந்த கக்கூஸ் பேசின், சிமென்ட் மூட்டை, பழைய மெத்தை, டயர்... மழை வந்தால் கொசு, வெயில் வந்தால் நாற்றம். எங்கள் பால்கனிகள் அந்தப் பக்கம்தான். பதினோரு வருஷம் ஜன்னலைச் சாத்தியே வாழ்ந்தோம்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் யார் யார் இருக்கிறோம்? நான் திருநெல்வேலி. மேல் வீடு மதுரை. எதிர் வீட்டில் பாலக்காட்டுக்காரர்கள். செக்ரட்டரி பாஸ்கர் கோவை. முக்கால்வாசி வீட்டில் ஐ.டி. வேலை. பின்தெருவில் இருப்பவர்கள்தான் இந்த ஊர்க்காரர்கள். நிலத்தில் வேலை பார்த்த குடும்பங்கள். இப்போது அம்பத்தூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிகளிலும் கடைகளிலும் வேலை பார்க்கிறார்கள். அதற்கும் அந்தப் பக்கம் வரிசையாக ஒற்றை ரூம்கள் – பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். மூன்று கூட்டத்துக்கும் நடுவில் அந்தக் குப்பைமேடு. பதினோரு வருஷத்தில் எங்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது அது ஒன்றுதான்.

சுத்தம் பண்ணலாம் என்ற யோசனை பாஸ்கருடையது. அதை நான் மறுக்கவில்லை. ஒரு ஞாயிறு காலை பதினைந்து பேர் கையுறை, மாஸ்க், தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு இறங்கினோம். ஒரு மணி நேரத்தில் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் ஒரு குச்சியால் மண்ணைக் கிளறிப் பார்த்து, "இதுல என்ன முளைக்கும்?" என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம்.

"இன்னாக்கா, மண்ணுக்கு ஊசி போடறியா?"

அதுதான் கஸ்தூரி. நாற்பத்தைந்து வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை. பகல் ஷிப்ட். என் கையிலிருந்த குச்சியை வாங்கித் தூரப் போட்டுவிட்டு, காலால் குப்பையை ஒதுக்கினாள்.

"மேலதான்க்கா குப்ப. அடியில களிமண்ணு கீது பாரு. எங்க மாமியாரு நாத்து நட்ட மண்ணு இது. இன்னா போட்டாலும் வரும்."

அடுத்த ஞாயிறு அவளோடு பின்தெருப் பெண்கள் ஏழு பேர் வந்தார்கள். கடப்பாரையும் மண்வெட்டியும் பாண்டுச் சட்டியும் அவர்களே கொண்டுவந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. லாரிக்கு பாஸ்கர் ஏற்பாடு செய்தார். லாரியில் ஏற்றியது அவர்கள்.

மூன்றாவது வாரம் கஸ்தூரி ஒரு மூலையில் போய் நின்றுகொண்டு, "இங்க ஒரு உறைக்கெணறு இருந்திச்சி" என்றாள். எங்களுக்கு நம்பிக்கையில்லை. அவள் விடவில்லை. இரண்டு ஞாயிறு அந்த ஒரே மூலையைத் தோண்டினார்கள். கடப்பாரை 'ணங்' என்று உறையில் பட்டது. உள்ளேயிருந்து எடுத்த கல்லையும் மண்ணையும் குவித்தால் இடுப்பளவு உயரம். அதற்கு மறுநாள் காலை எட்டிப் பார்த்தால் அடியில் தண்ணீர் கசிந்து நின்றது. கஸ்தூரி குனிந்து, "ஏ கெயவி, உயிரோடதான் கீறியா?" என்று கிணற்றுக்குள் கத்தினாள். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். நான் அழுதேன். பொய் சொல்லவில்லை.

அதன் பிறகு தோட்டம் எழுந்தது. தினம் காலை ஷிப்டுக்குப் போகுமுன் கஸ்தூரி தண்ணீர் ஊற்றினாள். முளைக்கீரை, சிறுகீரை, வெண்டை, கத்தரி. பீகார் பக்கத்திலிருந்து வந்த சுனிதா ஒரு பந்தல் போட்டுச் சுரைக்காய் ஏற்றினாள். எங்கள் மதுரைக்காரர் மல்லிகைப் பதியன் கொண்டுவந்தார். நான் தக்காளி போட்டேன்; ஒன்பது காய் காய்த்தது. சாயங்காலங்களில் யார் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். கீரை எல்லார் வீட்டுக்கும் போனது. என் கணவர் சுனிதா செய்த சுரைக்காய்க் கூட்டை – அவள் அதற்கு வேறு பேர் சொல்வாள் – கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்.

அப்போதுதான் அந்தப் பத்தியை எழுதினேன். தலைப்பு: 'நாங்கள் ஒரு தோட்டம் போட்டோம்.'

தமிழில் 'நாம்' என்று ஒரு சொல் இருக்கிறது. 'நாங்கள்' என்று ஒன்றும் இருக்கிறது. முப்பது வருஷமாக எழுதுகிறவளுக்கு வித்தியாசம் தெரியாதா?

முதலில் எழுதியதில் கஸ்தூரி இருந்தாள். இரண்டு பாரா. கிணறு, கத்தல் எல்லாம். நீளம் அதிகமாகிவிட்டது, குறைக்க வேண்டும். எதை எடுத்தேன்? என் ஒன்பது தக்காளி பற்றி நகைச்சுவையாக ஒரு பாரா இருந்தது. அதை எடுக்க மனசு வரவில்லை. கஸ்தூரியின் இரண்டு பாராவை எடுத்துவிட்டு, 'உள்ளூர்ப் பெண்கள் சிலரின் உதவியோடு' என்று ஒரு வரி போட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

பத்தி வந்தபின் தோட்டத்துக்குப் பெயர் வந்தது. எங்கெங்கிருந்தோ பார்க்க வந்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள். பெயர் வந்ததும் எங்களுக்குப் பயமும் வந்தது. கீழ்வீட்டு அம்மாள், "முருங்கையிலேர்ந்து கம்பளிப்பூச்சி வருது" என்றார். இன்னொருவர், "அந்தப் பொம்பளைங்க சாயங்காலம் ரொம்ப சத்தமா பேசறாங்க, ஆபீஸ் மீட்டிங்ல இருக்க முடியல" என்றார். வேலியில் யாரோ புடவை உலர்த்தியிருந்தார்கள். அதன் போட்டோ வாட்ஸப் குரூப்பில் வந்தது. கீழே நாற்பது கமென்ட். குப்பைமேடாக இருந்தபோது அந்தக் குரூப்பில் இதன் பேச்சே வந்ததில்லை.

ஒருநாள் காலை லிஃப்ட் வாசலில் பாஸ்கர் ஒரு தாளை நீட்டினார்.

"மேடம், பார்க்கைப் பராமரிக்கிற பொறுப்பை அசோசியேஷனுக்கே கொடுக்கச் சொல்லி கார்ப்பரேஷனுக்கு மனு. நீங்க முதல்ல போட்டீங்கன்னா வெயிட்டா இருக்குங்க."

மனுவோடு என் பத்தியின் ஜெராக்ஸும் இணைத்திருந்தார். கையில் பால் பாக்கெட் இருந்தது. படிக்காமல் போட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். படித்தேன். 'வெளியாட்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்த' என்று ஒரு வரி இருந்தது. வெளியாட்கள் என்றால் குடிகாரர்கள், திருடர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது. பால் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அனுமதி வந்தது. கேட் வந்தது. வாட்ச்மேன் வந்தார். கஸ்தூரி வெளியாள் ஆனாள்.

அந்த ஞாயிறு சாயங்காலமே பாஸ்கரிடம் பேசினேன். மீட்டிங் போடுங்கள் என்றேன். புதன்கிழமை போட்டார். பாஸ்கரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் என் கணவருக்கு நெஞ்சுவலி வந்தபோது காரை எடுத்துக்கொண்டு ஓடியவர் அவர். மீட்டிங்கில் யாருமே கெட்டவர்கள் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லோரும் தங்கமானவர்கள்.

"அந்தத் தோட்டத்தைப் போட்டதே அவங்கதான்" என்றேன்.

"யாரு இல்லைன்னாங்க? அதுக்குத்தான் தாங்க்ஸ் சொல்லி ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தோமே" என்றார் கீழ்வீட்டு அம்மாள்.

"அது பொது இடம்."

"மேடம், எமோஷனலா போகாதீங்க" என்றார் பாஸ்கர். "ஒருத்தருக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும். நாளைக்கு ஒரு திருட்டு நடந்தா யாருங்க பொறுப்பு?"

கை தூக்கச் சொன்னார்கள். கேட்டைத் திறந்துவைக்கலாம் என்பதற்கு என் கை மட்டும் நின்றது. சுரைக்காய்க் கூட்டு சாப்பிட்ட என் கணவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு முகம் சுண்டிப் போனதைப் பார்த்து பாஸ்கருக்கு மனசு கேட்கவில்லை. "ஒண்ணு பண்ணலாங்க" என்றார். "தோட்ட வேலைக்கு எப்படியும் ஆள் வேணும். கஸ்தூரியையே போட்டுருவோம். யூனிஃபார்ம் கொடுப்போம், கார்டு கொடுப்போம். தினமும் உள்ள வந்துக்கலாம். அவங்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. நீங்களே போய்ச் சொல்லிருங்க மேடம்."

எல்லோரும் கைதட்டினார்கள். அசிங்கம் என்னவென்றால், எனக்கும் நிம்மதியாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பின்தெருவுக்குப் போனேன். அந்த ஒன்றரை வருஷத்தில் நான் கஸ்தூரி வீட்டுக்குப் போனது அன்றுதான் முதல் தடவை. தெருக்குழாயில் தண்ணீர் விட்டிருந்தார்கள். வரிசையில் குடத்தை வைத்துவிட்டு வந்து, பிளாஸ்டிக் சேரைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்க மேடம்."

"அக்கான்னே கூப்பிடு கஸ்தூரி."

உள்ளே அவள் மகள் – நர்சிங் படிக்கிறாள் – புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

நான் சுற்றி வளைத்து விஷயத்தைச் சொன்னேன். யூனிஃபார்ம் என்ற வார்த்தையை மட்டும் விழுங்கிவிட்டேன். வாசற்படியில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள்.

"வேலைக்கு?"

"தினமும் உள்ள வரலாமே..."

"எனுக்கு வேல கீதே. கேன்டீனுக்குப் போய்கினுதான கீறேன். உன்னாண்ட நான் வேல கேட்டனா?"

கோபத்தில் 'நீ' திரும்பி வந்துவிட்டது. ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது எனக்கு. எவ்வளவு அற்பம்!

"எங்க மாமியாரு அந்த மண்ணுல நாத்து நட்டாங்கன்னு சொன்னனே. யாரு நெலம்னு கேட்டியா நீ? அவுங்க நெலம் இல்ல. கூலிக்கி நட்டாங்க. அவுங்க மாமியாரும் கூலி. அப்பால நெலத்த வித்தாங்க, பிளாட் போட்டாங்க, நீங்கல்லாம் வந்தீங்க. எங்குளுக்கு ஒண்ணும் வரல. சரி, உடு. அந்தக் குப்பையில கடப்பாரயப் போட்டேன் பாரு, அன்னிக்கித்தான் எங்க ஊட்ல மொதல் தபா ஒருத்தி தனுக்குன்னு மண்ணக் கிண்டனா. யாரும் வேல வாங்கல. யாரும் நின்னுகினு பாக்கல. இப்ப அதே மண்ணுக்கு என்னியக் கூலிக்கிக் கூப்புட வந்துகீறே. நீ வந்துகீறே."

எட்டிக் குழாயடி வரிசையில் தன் குடத்தைப் பார்த்துக்கொண்டு மேலே பேசினாள்.

"திங்கக்கெழம லீவு போட்டுகினு நாங்க நாலு பேரு கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போனோம். இது எல்லாரு பார்க்கும்தானேன்னு கேட்டோம். அந்த ஏரியாக்காரங்களே எழுதிக் குட்த்துகீறாங்கம்மான்னு பேப்பரக் காட்னாங்க. மொதக் கையெழுத்து யாருதுன்னு என் பொண்ணு படிச்சா."

குழாயடியில் யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "தோ வரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"பேப்பர்ல நீ எழுதனதையும் இவதான் படிச்சிக் காட்னா. 'உள்ளூர்ப் பெண்கள் சிலர்'னு போட்டிருந்தே. யாரும்மா அதுன்னு கேட்டா. நான்தான்டின்னேன். சிரிச்சா."

"கஸ்தூரி, தப்புதான். நான் என்ன பண்ணணும், சொல்லு."

"ஒண்ணும் பண்ண வேணாம். தண்ணி நின்னுடும், நான் கொடத்த எடுக்கணும். வாங்க மேடம்."

'போங்க' என்று சொல்லாமல் 'வாங்க' என்று வழியனுப்பினாள். அந்த மரியாதையைத் தாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. ஒரு கான்ட்ராக்டர் மூலமாக இரண்டு பேர் வேலைக்கு வந்தார்கள். முதல் வாரமே கீரைப் பாத்தியைக் களை என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டார்கள். அந்த இடத்தில் இப்போது கொரியன் புல் – மிதிக்கக் கூடாது. கம்பளிப்பூச்சிக்காக முருங்கையை வெட்டினார்கள். சுனிதாவின் பந்தல் பார்வைக்கு நன்றாக இல்லை என்று பிரித்தார்கள். அவளும் இப்போது அயனம்பாக்கம் பக்கம் ரூம் மாறிப் போய்விட்டாள். கிணற்றுக்குக் கம்பிவலை போட்டு மூடியிருக்கிறார்கள், பாதுகாப்புக்கு. நடைபாதைக்குப் பேவர் பிளாக். ரொம்ப அழகாக இருக்கிறது. மாலை நேரத்தில் எங்கள் ஆட்கள் ஐந்தாறு பேர் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஒருவரோடு ஒருவர் பேசாமல் நடக்கிறார்கள். சத்தமே இல்லை.

கஸ்தூரி ஸ்டேஷனுக்குப் போக எங்கள் சந்துதான் குறுக்குவழி. இப்போது அவள் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போகிறாள். கால் மணி நேரம் கூட ஆகும். பால்கனியிலிருந்து ஒருநாள் பார்த்தேன். கையை ஆட்டலாமா என்று யோசிப்பதற்குள் திரும்பிவிட்டாள். நான் இன்னும் அசோசியேஷனில்தான் இருக்கிறேன். ராஜினாமா செய்தேனா, கார்டைத் திருப்பிக் கொடுத்தேனா என்றெல்லாம் கேட்காதீர்கள். கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும்.

போன வாரம் பாஸ்கர் ஒரு படிவத்தோடு வந்தார். குடியிருப்புத் தோட்டங்களுக்கு ஏதோ போட்டியாம். பரிசு உண்டாம். அதில் ஒரு கேள்வி: 'உங்கள் தோட்டத்தில் சுற்றுவட்டார மக்களின் பங்களிப்பு – நூறு சொற்களுக்குள்.'

"இது மட்டும் நீங்க எழுதிக் கொடுத்துருங்க மேடம். உங்க ஸ்டைல்ல."

முடியாது என்றேன். அவரிடம் நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே படிவத்தை எடுத்துப் போனார். சாயங்காலம் தானே எழுதி குரூப்பில் போட்டார். 'அருகில் வசிக்கும் எளிய மக்களும் எங்களோடு கைகோத்து, மகிழ்ச்சியுடன்...' என்று தொடங்கி, சரியாக நூறு சொற்கள்.

இரண்டு தடவை படித்தேன். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.